நான்காவது பலகை

"அப்போ என்னைப் பாத்தாதான் மூடிக்குதுன்றீங்க."

"நான் சொல்லலைண்ணா. கம்ப்யூட்டர் எழுதி வெச்சிருக்கிறதைப் படிச்சுக் காட்டுறேன், அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டர் சொன்னா இன்னா, நீங்க சொன்னா இன்னா மேடம்? ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்தான?"

நிலோஃபர் சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. சேறு படிந்த பூட்ஸை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு, குளிரூட்டிய அறையின் தரையில் வெறுங்காலோடு நின்றிருந்தார். ஒரு கால் விரல்கள் மறுகாலின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

திரையில் பச்சையும் சிவப்புமாகப் பட்டைகள் ஓடின. கண்ணாடி தெளிவாக இருந்த நேரம் பச்சை. இருண்டிருந்த நேரம் சிவப்பு. பராமரிப்பாளர்கள் கையில் கட்டியிருந்த வார், யார் எப்போது கண்ணாடி முன் நின்றார்கள் என்பதையும் சேர்த்துக் குறித்திருந்தது.

"இங்க பாருங்க. நீங்க வந்து முன்னாடி நிக்கிறீங்க. கொஞ்ச நேரத்துல சிட்டு போய் நாலாவது பலகையை அழுத்துறா. கண்ணாடி கருப்பாயிடுது. மறுநாள் வர்றீங்க. மறுபடியும்."

"சாந்தகுமாரு வந்தா?"

"சும்மா இருக்கா."

"குப்பை வண்டி வந்தா?"

"அப்பவும் சும்மாதாண்ணா இருக்கா."

"குப்பை வண்டிக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல." அவர் திரைக்கு அருகில் குனிந்து சிவப்புப் பட்டை ஒன்றை விரலால் தொட்டார். தொட்டால் கலைந்துவிடும் என்பதுபோல உடனே விரலை எடுத்துக்கொண்டார். "ஃபீடிங் பாட்டில்ல பால் குடுத்து வளத்தேன் மேடம். இந்தக் கைக்குள்ள அடங்கும் அப்போ. அதனாலதான் சிட்டுன்னு பேரு வெச்சேன். என்னைப் புடிக்கலைன்னா அன்னைக்கே ஒரு கடி கடிச்சிருக்கலாம்ல? இத்தினி வருசம் ஏன் சும்மா இருந்துச்சு?"

"அப்போ அவளுக்குச் சொல்ல வழி இல்லையோ என்னவோ" என்றாள் நிலோஃபர்.

சொன்ன பிறகுதான் அது எப்படிப்பட்ட வாக்கியம் என்று அவளுக்கு உறைத்தது.

ஓடைப்பாக்கம் உயிரியல் பூங்காவில் அந்தத் திட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சிட்டு என்ற அந்தப் பெண் கரடியின் திடலில், அவள் முட்டிக்கு எட்டும் உயரத்தில் நான்கு பலகைகள் பதித்திருந்தார்கள். முதல் பலகையை அழுத்தினால் மேலிருந்து பனிபோலத் தண்ணீர் தூவும். இரண்டாவதை அழுத்தினால் பொய்க் கறையான் புற்று ஒன்று ஊதி ஊதித் தன் ஓட்டைகளில் தேனைக் கசியவிடும். மூன்றாவது, காட்டில் மழை பெய்யும் ஓசையை எழுப்பும். கூண்டில் இருக்கும் உயிருக்குப் பசியைவிடப் பெரிய நோய் சலிப்பு, அதற்கு மருந்து எதையாவது தானாகத் தேர்ந்தெடுப்பது என்று அவற்றைப் பொருத்திய நிறுவனத்தின் விளக்கக் குறிப்பு சொன்னது.

நான்காவது பலகை, பூங்காவின் கருவிகளைக் கவனித்துவந்த நிலோஃபருடைய யோசனை. அதை அழுத்தினால் பார்வையாளர் பக்கம் உள்ள பெரிய கண்ணாடி இருண்டுவிடும். மறுபடி அழுத்தினால் தெளியும். "தண்ணி வேணுமா, தேன் வேணுமான்னு கேக்குறோம். உன்னைப் பாக்கலாமான்னு கேக்கவே இல்லையே" என்று அவள் கூட்டத்தில் சொன்னபோது மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கைதட்டினார்கள். அப்போது யாருக்கும் அதன் விளைவு தெரியவில்லை, அவளுக்கும்தான்.

முதலில் பார்வையாளர்கள் அதை விளையாட்டாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிச்சயம் முடிந்த கையோடு வந்த ஒரு குடும்பத்தின் முன் கண்ணாடி இருண்டது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். வெளியே ஐஸ்கிரீம் கடைக்கு வருவதற்குள் இரு வீட்டாருக்கும் இடையில் பேச்சு நின்றுவிட்டிருந்தது. இன்னொரு நாள் பக்கத்து ஊரின் இரண்டு தெருக்காரர்கள் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஒரு தெருவுக்குக் கண்ணாடி தெளிவாக இருந்தது. அவர்கள் நகர்ந்து மற்றவர்கள் வந்து நின்றதும் மூடிக்கொண்டது. "கரடிகூட ஆள் பாத்துதான் பழகுது" என்று யாரோ சொல்ல, சட்டைகள் கிழிந்தன. சோப்பு வாசனையா, சட்டை நிறமா, குழந்தைகளின் கூச்சலா, வெயிலா என்று நிலோஃபர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். எதுவும் பொருந்தவில்லை. ஒரு நாள் பொருந்தியது மறுநாள் கலைந்தது. இருண்ட கண்ணாடியில் மக்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவரவர் முகம்தான். அதைப் பார்த்துக்கொண்டு அவர்கள் கோபமாக நின்றார்கள்.

இணை இயக்குநர் சுகிர்தராஜ் மட்டும் இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு விதியைக் கண்டெடுத்தார். 'விலங்குகளின் தேர்வை மதிப்போம்' என்று வாசலில் எழுதி வைத்த பிறகு, பராமரிப்பாளர்களையும் விலங்குகளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். யார் வந்தால் கண்ணாடி தெளிவாக இருக்கிறதோ அவருக்குப் புள்ளி கூடும். யார் வந்தால் இருள்கிறதோ அவருக்குக் குறையும்.

ஏகாம்பரத்தைத் தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். கரடித் திடலுக்கு சாந்தகுமார் வந்தார். பழைய ஆள் கண்ணில் பட்டால் விலங்கு குழம்பும் என்பதால், பணி நேரத்தில் அந்தப் பக்கம் போகக்கூடாது என்றும் உத்தரவு.

நிலோஃபருக்கு அவர்மேல் பரிதாபம் இருந்தது. ஆனால் தப்பு நடந்துவிட்டதாகத் தோன்றவில்லை. அவளுக்குத் தன் வீட்டுக் கூடம் நினைவுக்கு வரும். இரண்டு வருடங்களுக்கு முன் அவளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். வேண்டாம் என்று அம்மாவிடம் முன்னாலேயே சொல்லியிருந்தாள். அவர்கள் முன்னால் தலையை நிமிர்த்தாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் சாச்சி அவள் கன்னத்தைக் கிள்ளி, "வெக்கத்தைப் பாரு! புள்ளைக்குச் சம்மதம்தான்" என்றார். கூடமே சிரித்தது. அந்தச் சம்பந்தம் வேறு ஏதோ காரணத்தால் நின்றுபோனது. ஆனாலும் பேருந்தில், அலுவலகத்தில், யாராவது உற்றுப் பார்க்கும்போதெல்லாம் தன் முன்னால் ஒரு கண்ணாடி மெல்ல இருள்வதாக அவள் கற்பனை செய்துகொள்வாள். நான்காவது பலகை அங்கிருந்து வந்ததுதான். ஒரு உயிர் வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான். அதைச் சொல்லும்போது அடித்துச் சொல்லவும் தேவையில்லை, காரணம் காட்டவும் தேவையில்லை.

அந்த நம்பிக்கை கிடங்கில் ஆட்டம் கண்டது.

குளிர்பெட்டியின் வெப்பமானி பழுதாகிவிட்டதென்று அழைத்திருந்தார்கள். அவள் போனபோது ஏகாம்பரம் மான்களுக்காகப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கா?" என்றார், தலையைத் தூக்காமல்.

"நல்லா இருக்காண்ணா."

"மூடுறாளா?"

அவள் தயங்கினாள். "நீங்க போன புதுசுல காலையில ரொம்ப மூடுனா. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சிடுச்சு. இப்போ அநேகமா அந்தப் பலகைப் பக்கமே போறதில்ல."

"நிம்மதியா இருக்கா போல." கத்தி பூசணியில் இறங்கி நின்றது. "நல்லா இருக்கட்டும். நான்தான் புரிஞ்சிக்காம அது கோவத்தைத் தீக்கப் பாத்துனு இருந்திருக்கேன்."

"கோவத்தைத் தீக்கிறதா?"

"அது மூடிக்கிச்சுன்னா எனக்கு மனசு கேக்காது மேடம். உடனே சுத்திக்கினு பின்கூண்டுக்கு ஓடிடுவேன். கம்பியாண்ட உக்காந்து, 'இன்னாடி கோவம், நான் இன்னா பண்ணேன்'னு கேப்பேன். கேழ்வரகுக் களி உருண்டை ஒண்ணு மடியிலயே வெச்சிருப்பேன், தேன் தொட்டு. அதைத் தின்னுட்டு என் மூஞ்சில ஊதும். கோவம் போச்சுன்னு எந்திரிச்சு வந்துடுவேன்."

நிலோஃபர் கையிலிருந்த திருப்புளியைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"எத்தனை தடவை இப்படி செஞ்சீங்க?"

"மூடுனப்பல்லாம்தான்."

"களி உருண்டை?"

"மூடுனப்பல்லாம்தான் மேடம். ஏன், கணக்குல இடிக்குதா? கேழ்வரகு என் வீட்டுது."

பின்கூண்டில் கேமரா கிடையாது. கை வாரைப் படிக்கும் கருவியும் கிடையாது. அது சிட்டுவின் தனியறை, அங்கே எதுவும் பதிவாகக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் நிலோஃபரேதான். அதனால் கண்ணாடி இருண்டது வரைக்கும்தான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். இருண்ட பிறகு ஒரு மனிதர் மூச்சு வாங்க ஓடி வந்து கம்பி ஓரம் உட்கார்ந்ததை யாரும் பதியவில்லை.

"அண்ணா" என்றாள் மெதுவாக. "இரண்டாவது பலகையை அழுத்தினா தேன் வரும். அவளுக்கு அது தெரியும்ல?"

"தெரியாம? ராத்திரி பகலா அதைத்தான அழுத்துது."

"நாலாவதை அழுத்தினா நீங்க வருவீங்க."

கத்தியின் பிடியிலிருந்து அவர் கை விலகியது. அவர் முகத்தில் ஏதோ எழும்பி வந்தது, வந்த வழியே திரும்பிப் போனது.

"அப்போ மொத நாளு?" என்றார். "மொதல்ல மூடுனப்போ நான் போவேன்னு அதுக்குத் தெரியாதே மேடம். மொத நாளு ஏன் மூடுச்சு?"

"தெரியாம கால் பட்டிருக்கலாம். பலகை எல்லாம் அப்போ புதுசுதானே."

"அதுக்கு முந்தின நாளுதான் சிட்டுக்குப் பல்லு புடுங்குனாங்க. நான்தான் கம்பிக்கு இந்தாண்ட நின்னு பேச்சு குடுத்துனு இருந்தேன். என்னைப் பாத்துனு இருக்கும்போதே டாக்டரு ஊசியைப் போட்டாரு. அந்தக் கண்ணை நான் பாத்தேன்." அவர் கத்தியை மறுபடி எடுத்தார். "வேணாம்னு ஆரம்பிச்சது நடுவுல வான்னு ஆவுமா மேடம்? இல்ல, களிக்காக என்னைப் பொறுத்துக்கிச்சா?"

'அவர் போன பிறகு மூடுவது குறைந்தது' என்ற ஒரே தகவல் இரண்டு கதைகளுக்கும் கச்சிதமாகப் பொருந்தியது. வேண்டாத ஆள் போய்விட்டால் மூடத் தேவையில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு வராத ஆளை யாரும் கூப்பிடுவதில்லை.

மறுநாள் அவள் சுகிர்தராஜிடம் போனாள். யோசித்து யோசித்து, முடிந்த வரை நேராகச் சொன்னாள். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அதாவது, மூடினா 'வா'ன்னு அர்த்தம்?"

"அவர் ஒருத்தர் விஷயத்துல அப்படி இருக்கலாம் சார். உறுதியா தெரியலை."

"பிரமாதம்மா. தினமும் கம்ப்ளெயின்ட் படிச்சு என் கண்ணு போச்சு. ஒரு போர்டு வெச்சிடலாம். 'சிட்டு உங்களை அழைக்கிறாள்!' எப்போ மூடுதோ அப்போ முன்னாடி நிக்கிறவங்களைப் பின்னாடி கூட்டிட்டுப் போய்க் கம்பி வழியா காட்டுவோம். அவங்க கையாலேயே களி குடுக்கட்டும்."

"சார், மத்தவங்களைப் பாத்து அவ மூடுறப்போ அது வேண்டாம்தான்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பட்டைகள் அச்சிட்ட தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தள்ளி வைத்தார்.

"ஒருத்தருக்கு மூடினா வா, இன்னொருத்தருக்கு மூடினா போ. எந்த ஊர் நியாயம்மா இது? ஒரே பலகை, ஒரே அர்த்தம். நீங்க எது சொல்றீங்களோ அதையே வெச்சுக்கலாம். 'வா'ன்னு அறிக்கை குடுங்க, ஏகாம்பரத்தைத் திரும்ப அங்கேயே போடுறேன், போர்டும் வெக்கிறேன். 'வேண்டாம்'னா இப்போ இருக்கிறபடியே இருக்கட்டும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். "வெக்கப்படுதோ என்னவோ, யார் கண்டா!"

அந்த ஒரு சொல்லில் அவள் காது சுட்டது. தன் கன்னத்தில் மறுபடி ஒரு கை வந்து கிள்ளுவதுபோல இருந்தது. 'வேண்டாம்' என்பதைச் 'சம்மதம்' என்று படித்த அந்தக் கூடத்தில் இப்போது தானே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேனோ என்று நினைத்தாள். ஒரு முதியவரின் மனம் ஆறுவதற்காகவா நான் இதை இப்படிப் படிக்கிறேன்? அல்லது, பழைய காயம் ஒன்று இருப்பதால் கரடியின் குரலை நான் கேட்க மறுக்கிறேனா? இரண்டு எண்ணங்களும் ஒரே அளவு உண்மையாகத் தெரிந்தன. அறிக்கையைத் தொடங்கவில்லை.

கடைசியில் அவள் ஏகாம்பரத்திடம் போய்ச் சொன்னாள். "பணி நேரத்துலதான் போகக்கூடாது. வார லீவுல டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தா யாரும் தடுக்க முடியாது. வாங்கண்ணா. பாப்போம்."

அவர் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்து வாரிய தலையோடு வந்தார். இத்தனை வருடங்களில் அந்த வாசலில் அவர் டிக்கெட் எடுத்தது அதுதான் முதல் தடவை. டிக்கெட்டை யாரும் மறுபடி கேட்கமாட்டார்கள் என்று நிலோஃபர் சொன்ன பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

"களி கொண்டு வந்தீங்களா?"

"இல்ல மேடம். வேணும்னேதான் கொண்டாரல. களி வாசனைக்கு வந்துச்சுன்னா அது கணக்குல சேராதுல்ல?"

கண்ணாடி முன் காலை நேரத்துக் கூட்டம். ஒரு பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும், கைக்குழந்தையோடு இரண்டு பெண்களும், கைபேசியை உயர்த்திப் பிடித்த இளைஞர்களும் இருந்தார்கள். சிட்டு தூரத்தில் ஒரு மரக்கட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள். கரிய மயிரின் மேல் தூசியும் சருகும் ஒட்டியிருந்தன. மார்பில் வெளிறிய பிறை.

ஏகாம்பரம் கூட்டத்தின் நடுவில் போய் நின்றார். இரண்டு கன்னங்களையும் உப்பவைத்து "உஃப்" என்று ஊதினார். தினமும் காலையில் அவர் எழுப்பிய அதே ஓசை. குட்டியாக இருந்தபோது பால் சூடு ஆற ஊதிய ஓசை. பள்ளிப் பிள்ளைகள் உடனே ஆளுக்கொரு "உஃப்" ஊதிச் சிரித்தார்கள்.

கரடி தலையைத் தூக்கியது. கண்ணாடியை நோக்கி அதன் மூக்கு நீண்டது. பிறகு அவசரம் எதுவும் இல்லாமல், உடலை ஆட்டி ஆட்டி நடந்து வந்து, முதல் பலகையைத் தாண்டி, இரண்டாவதைத் தாண்டி, மூன்றாவதையும் தாண்டி, நான்காவதன் மேல் கையை வைத்தது.

கண்ணாடி இருண்டது.

"போச்சுடா! பெருசு மூஞ்சியைப் பாத்ததும் ஷட்டரை இழுத்துடுச்சு!" என்றான் ஓர் இளைஞன்.

"நீ முன்னாடி நின்னா பூங்காவையே மூடிடுவாங்க, அடங்குடா" என்றான் அவன் நண்பன்.

ஏகாம்பரத்தின் கால்கள் தாமாகவே இடப்பக்கம் திரும்பின. பின்கூண்டுக்குச் செல்லும் பாதையில் சில எட்டுகள் வைத்துவிட்டார். அங்கே புதிதாகப் போட்ட இரும்புக் கதவு பூட்டியிருந்தது. நிலோஃபர் அவர் பின்னாலேயே போனாள். அவர் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அங்கிருந்தே கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தார்.

கண்ணாடி தெளிந்தது. சிட்டு பலகைக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். முதுகு கூட்டத்தின் பக்கம். முகம் உள்ளே, பின்கூண்டுக்குப் போகும் திறப்பின் பக்கம். அவரை எதிர்பார்த்தா? அல்லது கூட்டத்தைப் பார்க்கப் பிடிக்காமலா? இந்த நேரத்தில் சாந்தகுமாரும் அந்த வழியாகத்தான் பழம் கொண்டுவருவார்.

கண்ணாடி இருண்டது.

தெளிந்தது. மறுபடி இருண்டது.

பிள்ளைகள் கைதட்டத் தொடங்கினார்கள். இருளும்போது "ஹோ", தெளியும்போது "ஏய்" என்று கத்தினார்கள். கைபேசிகள் எல்லாம் மேலே எழுந்தன. ஒரு பெண், "கெட்டுப் போச்சு போல, யாராச்சும் ஆபீஸ்ல சொல்லுங்களேன்" என்றார். கதவைத் தட்டுகிறவர்கள் இப்படித்தான் விட்டு விட்டுத் தட்டுவார்கள் என்று நிலோஃபருக்குத் தோன்றியது. கதவை உள்ளிருந்து அறைந்து சாத்துகிறவர்களும், அது சரியாகச் சாத்தாவிட்டால், திரும்பத் திரும்ப இப்படித்தான் அறைவார்கள் என்றும் தோன்றியது.

அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை அந்த இரும்புக் கதவைத் திறக்கும். அதன் கயிற்றைத் தான் இறுகப் பிடித்திருப்பதை அவள் அப்போதுதான் கவனித்தாள். ஏகாம்பரமும் கவனித்தார். டிக்கெட் அவர் உள்ளங்கையின் வியர்வையில் நனைந்து சுருண்டிருந்தது.

"நான் ஒண்ணும் பேசமாட்டேன்" என்றார். "கிட்டக்கூடப் போமாட்டேன். கம்பியாண்ட உக்காருவேன், அவ்ளோதான். அதுக்குப் புடிக்கலைன்னா அது மூஞ்சியைப் பாத்தே தெரிஞ்சிக்குவேன், உடனே எந்திரிச்சு வந்துடறேன்."

கண்ணாடி இருண்டது. கூட்டம் "ஹோ" என்றது.

"ஒரே ஒரு தடவை தொறந்து விடும்மா."